தவறிய தலைவர்களும் தளராத விசுவாசமும்



திருமறை தன் தலைவர்களின் குற்றங்களை மறைப்பதில்லை. தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்தான்; அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்தான். உரியா ஏத்தியன், வேற்றினத்தான். எனினும் அவனுக்காகக் கேட்க நாத்தான் தீர்க்கதரிசி வந்தார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அச்செல்வன் அரசனே என்று உணர்த்தினார்.

தாவீது பாவத்தை அறிக்கையிட்டான், மன்னிப்புப் பெற்றான். ஆனால் மன்னிப்பு உரியாவை மறைத்துவிடவில்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே அவன் பெயர் நிற்கிறது.

பேதுரு மும்முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவரது அன்பை மும்முறை வினவி, அவரிடமே மந்தையை ஒப்புவித்தார்.

ஆகவே, நம் விசுவாசம் தலைவர்களின் தூய்மையைச் சார்ந்ததன்று. தவறியோரையும் திருத்தி ஆளும் இறைவனைச் சார்ந்தது. ஒரே ஆட்டுக்குட்டியையும் பறிகொடுத்தோரின் வழிவந்த நாம், உரியாக்களை மறந்து மன்னிப்பைப் பேசலாகாது. திருந்தியவரைத் தள்ளிவிடவும் ஆகாது. சபையிலும் சங்கத்திலும் தலைவர் தவறும்போது, அவர் நம்மவரேயாயினும், நேர்நின்று கேட்கும் நாத்தான்களாக நம் இளைஞர் எழுக! கல்வி நமக்குத் தரும் துணிவு அதுவே.