பிரான்சு சொன்ன 'வேண்டாம்': பாட்டாளி எப்படி எடை போடுவது?

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிப்காட் ஆலைகளில் பகல் ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். கழனியில் நாள் முழுவதும் குனிந்து நடவு நட்ட தாய்மார்களும் வந்திருக்கிறார்கள். உங்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உலகத்தில் எங்கே யுத்த மேகம் சூழ்ந்தாலும் நம் டீக்கடைகளில் ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது. வல்லரசு ஒன்று சண்டைக்குப் புறப்படுகிறது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு 'வேண்டாம்' என்கிறது. உடனே ஒருவர், "பார்த்தாயா, நியாயம் பேச அங்கேயும் ஆள் இருக்கிறது" என்கிறார். அடுத்தவர், "போய்யா, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவன் யோக்கியதை எனக்குத் தெரியும்" என்கிறார். மூன்றாவது ஆசாமி, "எங்கேயோ நடக்கிற சண்டை, நமக்கென்ன?" என்று பீடியைப் பற்ற வைக்கிறார். இந்த மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு 2003-ம் வருஷத்து இராக் யுத்தத்தை எடுத்துக் கொள்வோம். அது நடந்து முடிந்த கதை. யார் சொன்னது மெய், யார் சொன்னது பொய் என்று இன்று தெரிந்துவிட்டது.

நடந்தது என்ன?

இராக்கிடம் நாசகார ஆயுதங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார்கள் அமெரிக்க ஆட்சியாளர்கள். 2002 நவம்பர் 8-ந் தேதி பாதுகாப்புக் கவுன்சில் 1441 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பதினைந்து நாடுகளும் ஆதரித்தன, பிரான்சும் ஆதரித்தது. ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதகர்கள் இராக்குக்குள் போனார்கள். அவர்கள் தேடிக் கொண்டிருக்கும்போதே அமெரிக்காவும் பிரிட்டனும் பட்டாளத்தைக் குவித்தன.

2003 ஜனவரி 22-ந் தேதி பிரெஞ்சு ஜனாதிபதி சிராக்கும் ஜெர்மன் தலைவர் ஷ்ரோடரும் யுத்தத்தைத் தடுக்க ஒன்றாக நிற்போம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கே அமெரிக்க யுத்த மந்திரி ரம்ஸ்பெல்டு அவர்களைப் 'பழைய ஐரோப்பா' என்று ஏளனம் செய்தார். எட்டே நாளில் பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, போலந்து உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் அமெரிக்காவுக்கு ஆதரவாகக் கடிதம் வெளியிட்டார்கள். ஐரோப்பா இரண்டுபட்டது. பிப்ரவரி 14-ந் தேதி பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி வில்பன், பரிசோதகர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள் என்று கவுன்சிலில் வாதாடினார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. மார்ச் 10-ந் தேதி சிராக், யுத்தத் தீர்மானம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் என்ன ஆத்திரம் தெரியுமா? பிரெஞ்சு ஒயினைத் தெருவில் கொட்டினார்கள். அவர்கள் பார்லிமெண்டுச் சிற்றுண்டிச் சாலையில் உருளைக்கிழங்கு வறுவலின் பெயரில் 'பிரெஞ்சு' என்ற சொல் இருந்ததாம். அதை நீக்கிவிட்டு 'சுதந்திர வறுவல்' என்று பெயர் வைத்தார்கள்! வாதத்துக்கு பதில் இல்லாதவன் வறுவலோடு சண்டை போடுகிறான்.

கவுன்சிலில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். மார்ச் 20-ந் தேதி குண்டு மாரி தொடங்கிவிட்டது.

ஓநாய்க் கதை சரிதானா?

பிரான்சின் யோக்கியதையைப் பற்றிப் பேசும் தோழருக்கு இப்போது வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிரெஞ்சு சர்க்காரைப் பற்றித் தமிழ்நாட்டு மில் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1936 ஜூலை 30-ந் தேதி, புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் சுட்டன. பன்னிரண்டு தொழிலாளர்கள் பிணமாகச் சாய்ந்தார்கள். வியட்நாமில் 1954 வரை, அல்ஜீரியாவில் 1962 வரை அந்த சர்க்கார் நடத்திய அட்டூழியங்கள் உலகம் அறிந்தவை. சதாம் உசேனுக்குப் போர் விமானங்கள் விற்றது பிரான்சு. இராக்கின் மஜ்னூன் எண்ணெய் வயலுக்காக வருஷக்கணக்கில் பேரம் பேசியது பிரெஞ்சு டோட்டல் கம்பெனி. எல்லாம் மெய்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் மட்டுமே குறி என்றால், ஜெயிக்கப் போகிறவன் பக்கம் சேர்ந்து பங்கு கேட்பதல்லவா லாபம்? ஆகவே அந்த ஒரு காரணத்தால் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ஏகபோகத்துக்கு அடங்கிப் போகக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டு. வீதியில் இறங்கிய தம் மக்களைப் பற்றிய பயமும் உண்டு.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மழைக்காலம், ஏரி நிரம்பி நிற்கிறது. ஒரு மிராசுதாரர் கரையை வெட்டிவிடப் போகிறார். இன்னொரு மிராசுதாரர் தன் நிலம் முழுகும் என்று குறுக்கே நின்று தடுக்கிறார். கரை உடைந்தால் முதலில் முழுகுவது யாருடைய குடிசை? நம்முடையது. அப்போது, "நீ போன வருஷம் கூலியைக் குறைத்தவனாயிற்றே, கரையைக் காக்க உனக்கென்ன யோக்கியதை?" என்று சொல்லி, மண்வெட்டிக்காரனுக்கு வழிவிடுவோமா? கரை நிற்க வேண்டும். அதோடு, அந்த மிராசுதாரரை நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடவும் கூடாது. நாமே கரைக்குக் காவல் நிற்க வேண்டும்.

தூங்கினால் என்ன ஆகும் என்பதையும் பிரான்சே காட்டிவிட்டது. யுத்தம் முடிந்ததாக அறிவித்த சில வாரங்களில், 2003 மே 22-ந் தேதி, ஆக்கிரமித்த நாடுகளின் அதிகாரத்தை ஏற்கும் 1483 என்ற தீர்மானம் வந்தது. பிரான்சு அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2011 மார்ச்சில் லிபியா மீது முதல் தாக்குதல் நடத்தியவை பிரெஞ்சு விமானங்கள். அன்று தடுத்த கை வேறு. இது வேறு கையா? அதே கைதான்!

"கொடுங்கோலனைக் காப்பாற்றலாமா?"

இன்னொரு வாதமும் அன்று கேட்டது. "சதாம் கொடுங்கோலன். யுத்தத்தை எதிர்ப்பது அவனைக் காப்பாற்றுவதாகாதா?" என்றார்கள். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. சதாம் கொடுங்கோலன்தான். 1988 மார்ச்சில் ஹலப்ஜா ஊரில் ஆயிரக்கணக்கான குர்து மக்களை விஷவாயுவால் கொன்றவன். இராக்கிய கம்யூனிஸ்டுகளைச் சிறையிலும் தூக்கிலும் தீர்த்தவன். ஆனால் அதே இராக்கிய கம்யூனிஸ்டுகள் 2003-ல் என்ன சொன்னார்கள்? சர்வாதிகாரமும் வேண்டாம், யுத்தமும் வேண்டாம் என்றார்கள். அடிபட்டவனே, "என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் வீட்டைக் கொளுத்தாதே" என்கிறான். அதைக் கேட்க வேண்டாமா?

கொளுத்தினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண இராக்கிய ஜனங்கள் மாண்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்களும் 4,400-க்கு மேல் செத்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. ஆயுதம் கிடைத்ததா? 2004-ல் அமெரிக்கா அனுப்பிய தேடல் குழுவே, நாசகார ஆயுதக் குவியல் எதுவும் அங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது.

கரைக்குக் காவல் நின்றவர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிராக்கும் வில்பனும் பேசினார்கள், பத்திரிகையில் படம் வந்தது. அவர்களைப் பேச வைத்தவர்கள் யார்?

2003 பிப்ரவரி 15-ந் தேதி உலகத்தில் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். லண்டனில் லட்சக்கணக்கில், ரோமாபுரியில் லட்சக்கணக்கில், யுத்தத்தை ஆதரித்த நாடுகளின் தலைநகரங்களிலேயே வந்தார்கள். அதற்கு முன்பே ஜனவரியில், ஸ்காட்லாந்தின் மதர்வெல் ஊரில் இரண்டு ரயில் டிரைவர்கள், வளைகுடாவுக்குப் போகும் வெடிமருந்து வண்டியை ஓட்ட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர்களிடம் வீட்டோ அதிகாரம் இல்லை. என்ஜின் கைப்பிடி இருந்தது. இத்தாலியில் அமெரிக்க ஆயுதம் ஏற்றிய ரயில்களை ஜனங்கள் தண்டவாளத்தில் நின்று மறித்தார்கள். மார்ச் 1-ந் தேதி துருக்கி பார்லிமெண்டில், அமெரிக்கத் துருப்புகளுக்கு வழிவிடும் தீர்மானத்துக்கு 264 பேர் ஆதரவு, 250 பேர் எதிர்ப்பு, 19 பேர் நடுநிலை. தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் விழுந்தது. வெளியே அங்காரா வீதிகளில் மக்கள் திரண்டு நின்றதை உள்ளே இருந்தவர்கள் மறக்கவில்லை.

ஸ்பெயினைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் யுத்தம் வேண்டாம் என்ற நாடு அது. பிரதம மந்திரி அஸ்நார் கேட்கவில்லை, பட்டாளம் அனுப்பினார். 2004 மார்ச் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. புதிய சர்க்கார் துருப்புகளை வாபஸ் வாங்கியது.

டில்லியில் ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

நம் நாடு என்ன செய்தது? வாஜ்பாய் சர்க்கார் 'நடுவழி' என்றது. குண்டு விழுந்து மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8-ந் தேதிதான் லோக்சபையில் தீர்மானம் வந்தது. அதுவும் எப்படி? 'கண்டிக்கிறோம்' என்று எழுத வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். சர்க்கார் தயங்கியது. கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்று போட்டார்கள். ஆங்கிலத்தில் அதைவிட மெலிந்த சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். ஒரே தீர்மானம், இந்தி படிப்பவனுக்கு ஒரு முகம், வாஷிங்டனுக்கு ஒரு முகம்!

சொல்லுக்கு ஏன் இத்தனை சண்டை என்று கேட்பீர்கள். கூலி ஒப்பந்தத்தில் 'கொடுக்கப்படும்' என்பதற்கும் 'பரிசீலிக்கப்படும்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று சங்கத்துத் தோழருக்குத் தெரியும். அதே வித்தியாசம்தான் இது.

அடுத்து வந்தது பெரிய ஆபத்து. ஆக்கிரமித்த இராக்கில் காவல் வேலைக்கு ஒரு டிவிஷன், சுமார் 17,000 இந்தியச் சிப்பாய்களை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. அனுப்பலாம் என்று டில்லியில் வாதாடியவர்கள் உண்டு. ஒப்பந்தங்கள் கிடைக்கும், வல்லரசின் நட்பு கிடைக்கும் என்றார்கள். இடதுசாரிகளும் காங்கிரசும் எதிர்த்தன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 2003 ஜூலை 14-ந் தேதி, ஐ.நா.வின் தெளிவான கட்டளை இல்லாமல் அனுப்ப முடியாது என்று மந்திரிசபைக் கமிட்டி முடிவு செய்தது. ஏப்ரலில் ஒரு சொல்லுக்குத் தயங்கிய அதே சர்க்கார்தான் ஜூலையில் மறுத்தது. மூன்று மாதத்தில் அதற்கு ஞானோதயம் வந்துவிடவில்லை. கரையில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தது. அந்த 17,000 பேரில் எத்தனை பேர் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள்!

"நமக்கென்ன?" என்பவருக்கு

பீடி பற்ற வைத்த தோழருக்கும் பதில் சொல்லி முடிக்கிறேன். 1990-ல் சதாம் குவைத்தைப் பிடித்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சம்பாத்தியத்தைப் போட்டது போட்டபடி விட்டு விமானத்தில் திரும்பினார்கள். எண்ணெய் விலை ஏறியது. அன்னியச் செலாவணி வறண்டது. 1991-ல் இந்திய சர்க்கார் தங்கத்தை விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. இன்றும் நம் தேசம் எரிக்கும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. வளைகுடாவில் குண்டு விழுந்தால் நம் அடுப்பில் விலை ஏறுகிறது, பஸ் கட்டணத்தில் ஏறுகிறது, உர மூட்டையில் ஏறுகிறது. கூலி மட்டும் ஏறுவதில்லை.

2003-ல் கொளுத்திய நெருப்பு அத்துடன் அணையவில்லை. அந்த இடிபாடுகளில் கொலைகாரக் கும்பல்கள் வளர்ந்தன. 2014 ஜூனில் மோசூல் நகரத்தில் கட்டட வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்களை ஒரு கும்பல் பிடித்துச் சென்றது. 39 பேர் கொல்லப்பட்டார்கள். பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். நான்கு வருஷம் கழித்து, 2018 மார்ச்சில்தான் அவர்கள் சாவு பார்லிமெண்டில் உறுதியாக அறிவிக்கப்பட்டது. அதுவரை அவர்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். நம் ஆலைகளில் நம்மோடு தோள் சேர்த்து வேலை செய்யும் பீகார்த் தோழரைப் பாருங்கள். அவரைப் போன்றவர்கள்தான் அவர்கள். யுத்தம் என்றால் என்னவென்று இன்னும் தெரிய வேண்டுமா? இந்த ஊரிலேயே இருக்கும் அகதி முகாமுக்குப் போய் ஈழத்துச் சகோதரர்களைக் கேளுங்கள்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஏதோ ஒரு நாடு யுத்தம் வேண்டாம் என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். சொன்ன வார்த்தை உழைப்பவனுக்கு நல்லதா? நல்லதென்றால் அதை ஆதரியுங்கள். அதைச் சொல்ல வைத்த ஜனங்கள் யார்? அவர்களோடு சேருங்கள். சொன்னவன் சொன்னபடி நிற்கிறானா? அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பாருங்கள். நாலாவதாக ஒரு கேள்வியை டில்லியைப் பார்த்துக் கேளுங்கள்: நீ எந்தச் சொல்லை எழுதப் போகிறாய்? அந்தக் கேள்வியை உங்கள் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள். ஏரிக்கரை ஊர்களில் தெருத்தெருவாகப் பேசுங்கள்.

கரையைக் காப்பது நம் வேலை. ஏனென்றால், தோழர்களே, உடைந்தால் முழுகுவது நம் குடிசை!