கரண்டியும் பூட்டும்

நடுவர் அவர்களே! பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன திண்டுக்கல் பெருமக்களே!

எதிரணி நண்பர் அழகாகக் கேட்டார்: "பிரியாணி சாப்பிடுகிறவன் எந்தக் கரண்டியால் கிண்டினீர்கள் என்றா கேட்கிறான்? சாப்ட்வேர் வாங்குகிறவன் மட்டும் எதில் எழுதினீர்கள் என்று ஏன் கேட்கணும்?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பசி நேரம் பாருங்கள்!

ஐயா, பிரியாணி சாப்பிட்டால் தீர்ந்தது. சாப்ட்வேர் அப்படியா? அது பூட்டு மாதிரி. தினமும் திறக்கணும், மூடணும்; பழுதானால் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேணும். நம்ம ஊர்ப் பூட்டு வாங்குகிறவர் 'எத்தனை லீவர்? கைவேலையா?' என்று கேட்காமல் காசை எடுப்பாரா? அந்தப் பூட்டுக்குத்தானே 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது!

என் மைத்துனர் இதே ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பில் போட ஒரு தம்பி விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்தார். தட்டினால் பில் வந்தது. எதில் எழுதினாய் என்று இவர் கேட்கவே இல்லை. (அக்காவைக் கட்டிக் கொடுக்கும்போது என்னைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. அது வேறு கதை!)

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஓடி வந்தார். "மாமா, பில்லில் ஒரு வரி இருந்த இடத்தில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு வரி வரணுமாம்!" எழுதிய தம்பியோ சிங்கப்பூரில். இங்கே உள்ள பிள்ளைகளைக் கேட்டால், "எங்க பாடத்திலேயே அது இல்லையே சார்" என்கிறார்கள். எப்படி இருக்கும்? 2004-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே இல்லை. 2015 ஜனவரியோடு மைக்ரோசாப்ட் ஆதரவையும் நிறுத்திவிட்டது. ஒன்றரை மாதம் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினார் மனுஷன்.

சின்னக் கடைக்காரர், விவரம் போதாது என்பீர்கள். சரி, அமெரிக்காவுக்கு வாருங்கள். 2020 ஏப்ரல். கொரோனாவில் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கணினிகள் திணறின. ஆளுநர் ஃபில் மர்ஃபியே 'கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்' என்று பகிரங்கமாக அழைத்தார். நம்ம கோபால் இல்லை ஐயா, 1959-ல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி!

பழைய கருவி என்பது குற்றமில்லை. கோபால் இன்றும் வங்கிகளில் உழைக்கிறது. கை வைக்க ஆள் உண்டா என்பதுதான் என் கேள்வி.

மைத்துனர் பிறகு புது சாப்ட்வேர் வாங்கினார். விற்க வந்த பையன் விலையைச் சொல்ல வாயெடுக்குமுன் இவர் கேட்டாராம்: "தம்பி, இதை எதில் எழுதினே? நாளைக்கு நீ வெளிநாடு போயிட்டா, இதைத் தொடத் தெரிஞ்சவன் திண்டுக்கல்லில் எத்தனை பேர்?"