புதிய தண்டும் புதிய நடுக்கமும்

(தோட்டத் தொழிலாளர்களும் வாகன ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்து வாழ்க்கை வண்டியை நம்பியே நடக்கிறது. ரப்பர் பாலை ஏற்றிச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், நோயுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் வண்டியே துணை. லோரி, வேன், ஜீப் ஆகியவற்றின் அடியில், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை ஓர் இரும்புக் குழாய் நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் அதனை 'ஷாப்ட்' என்பர். நாம் இயக்கத் தண்டு என்போம். இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது இதுவே. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்று முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் இந்த நீண்ட தண்டு இல்லை.

பழைய தண்டைக் கழற்றிப் புதியதை மாட்டிய மறுநாளே வண்டி நடுங்கத் தொடங்குவதுண்டு. "புதுச் சாமான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சிலர் ஆறுதல் கூறுவர். இந்த எண்ணம் தவறானது என்பதை விளக்குவதே என் உரையின் நோக்கம். புதுச் செருப்பு நாளடைவில் காலுக்குப் பழகும். இயக்கத் தண்டு அவ்வாறு பழகுவதில்லை. நடுக்கம் நாளுக்கு நாள் வளருமேயன்றிக் குறையாது.

அதற்குக் காரணம் தண்டின் வேகம். சுற்றளவு 2 மீட்டர் உள்ள சக்கரம், வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நிமிடத்திற்கு 500 முறை சுழலும். பின் அச்சின் பற்சக்கர விகிதம் நான்குக்கு ஒன்று எனக் கொண்டால், தண்டோ அதே நிமிடத்தில் 2,000 முறை சுழலும். காண்டாவின் ஒரு பக்க வாளியில் பால் நிறைந்தும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால் தோள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும் தண்டில் சிறு எடை வேறுபாடு இருந்தாலும் வண்டி படும் பாடு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நடுக்கத்திற்குரிய காரணங்களுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, கவைகளின் நேர். தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் உள்ளன. சாய்ந்த நிலையில் சுழலும்போது, ஒரு மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரைந்தும் இரு முறை தயங்கியும் ஓடும். மற்ற மூட்டு அதனை ஈடுசெய்கிறது. இருவர் இழுக்கும் மரம் அறுக்கும் வாளில், ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக் கொடுப்பது போன்றது இது. இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாள் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் தண்டின் இரு கவைகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். நழுவும் இணைப்பைப் பூட்டுகையில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நேர் கெடும். ஆதலின், பழைய தண்டைக் கழற்றுமுன் பெயிண்டால் அடையாளமிட வேண்டும். சுண்ணக்கட்டிக் கோடு எண்ணெய்ப் பசையில் அழிந்துவிடும்.

இரண்டாவது, இணைப்புத் தட்டு. தட்டின் முகத்தில் துருவோ, மண்ணோ, தடித்த பெயிண்டோ இருந்தால் தண்டு நடு மையத்தில் அமராது. தட்டைச் சுத்தம் செய்து, உரிய போல்ட்டுகளையே பூட்டி, சரியான அளவில் முடுக்க வேண்டும். அதன்பின்னும் நடுக்கம் நீடித்தால், பின் அச்சுத் தட்டில் மட்டும் தண்டை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். பல வேளைகளில் குறை அவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தண்டின் சமநிலை. தண்டின் மேல் ஒட்டவைத்த சிறு இரும்புத் துண்டு வீணாக இருப்பதன்று; எடையைச் சமன்செய்ய வைக்கப்பட்டது. அது விழுந்தாலும், தண்டு நசுங்கினாலும், வளைந்தாலும் நடுக்கம் உண்டாகும். நடுவில் தாங்கி உள்ள வண்டிகளில் அதன் ரப்பரும், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பரும் தளர்ந்துள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

குறை தண்டில்தானா என்பதை அறிய ஒரு வழி உண்டு. சமமான, ஆளரவமற்ற சாலையில் நடுக்கம் வரும் வேகத்தில் ஓட்டி, கியரை நடுநிலைக்குக் கொண்டு வாருங்கள். இயந்திரத்தை அணைத்தல் கூடாது. நடுக்கம் நின்றால் பெரும்பாலும் குறை இயந்திரப் பக்கம். தொடர்ந்தால் தண்டிலோ சக்கரத்திலோ இருக்கும். சக்கரத்தின் குலுக்கல் நிதானமானது. தண்டின் அதிர்வு விரைவானது, இருக்கையிலும் தரையிலும் 'கிர்'ரென்று உணரப்படும். மேட்டுச் சாலையில் இச்சோதனை வேண்டா.

இங்கே உயிர் காக்கும் எச்சரிக்கை ஒன்று. தண்டைக் கழற்றிவிட்டால், கியரில் போட்டு வைத்திருந்தாலும் வண்டி நிற்காது. லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில் கைப்பிரேக்கும் அத்தண்டின் வழியே பிடிப்பதாகும். தண்டு இல்லையேல் கைப்பிரேக்கும் இல்லை. எனவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும்.

நடுக்கத்தைப் பொருட்படுத்தாது ஓட்டினால், கியர் பெட்டியின் பின்பக்க பேரிங்கும் எண்ணெய்த் தடுப்பும் கெடும், மூட்டு தேயும். ஓடும்போது மூட்டு உடைந்து தண்டின் முன்முனை சாலையில் விழுந்தால், அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள பிரேக் குழாயும் அடிபடக்கூடும்.

ஆகவே, ஓட்டுநர்களே, தண்டு மாற்றிய வண்டி நடுங்கினால் அன்றே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டு செல்லுங்கள். அடையாளமிட்டுக் கழற்றினீர்களா, தட்டைச் சுத்தம் செய்தீர்களா, சமநிலை பார்த்தீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியில் பயணம் செய்வோரும் காலடியில் நடுக்கத்தை உணர்ந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். அதனைக் குறையாகக் கருதாது செவிமடுப்பது ஓட்டுநரின் கடமை. நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் வண்டி அது என்பதை மறவாதிருப்போம்.