ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஆப்தான் மாறியிருக்கிறது



வருமானச் சான்றிதழ் தயார் என்று உங்கள் கைப்பேசிக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. ஆசையா டவுன்லோடு செய்து தொட்டால், சான்றிதழ் வரவில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு ஆப் திறந்து விளம்பரம் காட்டுகிறது. இல்லேன்னா, ‘இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்கோ நாளைதான் கடைசி நாள். சான்றிதழே கெட்டுப்போச்சு என்று நினைத்து, மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கக் கிளம்பிவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் ஃபைல் நல்லாத்தான் இருக்கும். அதைத் திறக்கிற ஆப்தான் தவறானது.

ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி, அதன் பிறகு சில எழுத்துகள் இருக்கும். பி.டி.எஃப். என்றால் ஆவணம், ஜே.பி.ஜி. என்றால் படம். இந்த வால் எழுத்துகளைப் பார்த்துத்தான் எந்த ஆப்பில் திறப்பது என்று கைப்பேசியும் கணினியும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. முதன்முறை திறக்கும்போது ‘ஜஸ்ட் ஒன்ஸ்’, ‘ஆல்வேஸ்’ என்று கேட்கும் இல்லையா? அவசரத்தில் ‘ஆல்வேஸ்’ தொட்டுவிட்டால், அதன் பிறகு எல்லா பி.டி.எஃப்-பும் அதே ஆப்புக்குத்தான் போகும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதைச் சரிசெய்ய ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ திறங்கள். தப்பாகத் திறக்கிற ஆப்பின் பெயரைத் தொடுங்கள். உள்ளே ‘ஓப்பன் பை டீஃபால்ட்’ அல்லது ‘செட் அஸ் டீஃபால்ட்’ என்று இருக்கும். அதில் ‘கிளியர் டீஃபால்ட்ஸ்’ கொடுங்கள். கைப்பேசிக்குக் கைப்பேசி இந்த வார்த்தைகள் கொஞ்சம் மாறலாம். இப்போது சான்றிதழை மறுபடி தொட்டால், எந்த ஆப்பில் திறக்கட்டும் என்று கேட்கும். சரியானதைத் தேர்ந்தெடுத்து ‘ஆல்வேஸ்’ கொடுத்தால் போதும்.

விண்டோஸ் கணினி என்றால் இன்னும் சுலபம். ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’, அடுத்து ‘சூஸ் அனதர் ஆப்’ போங்கள். வேண்டிய புரோகிராமைக் காட்டி ‘ஆல்வேஸ்’ கொடுங்கள். விண்டோஸ் 10-இல் கீழே இருக்கும் சிறிய கட்டத்தில் டிக் செய்ய வேண்டும்.

இ-ஆதார் ஃபைல் பாஸ்வேர்டு கேட்டால் அது கோளாறு இல்லை. ஆதாரில் உள்ள உங்கள் பெயரின் முதல் 4 எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, உடனே பிறந்த ஆண்டின் 4 இலக்கங்களைச் சேருங்கள். நடுவில் இடைவெளி வேண்டாம். திறந்த பிறகு டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால், போலி என்று பயப்படவும் வேண்டாம். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கக் கணினியில் அடோபி ரீடர் போன்ற புரோகிராம் தேவை.

இன்னொன்று. போட்டோவின் பெயரில் ஜே.பி.ஜி-யை அழித்து பி.டி.எஃப். என்று எழுதினால் அது பி.டி.எஃப். ஆகிவிடாது. பெயர்ப்பலகை மாறுமே தவிர உள்ளே இருப்பது படம்தான். அதை அப்லோடு செய்தால் விண்ணப்பத் தளம் ஏற்காமல் போகலாம். கைப்பேசியில் படத்தைத் திறந்து ‘பிரிண்ட்’ கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக ‘சேவ் அஸ் பி.டி.எஃப்.’ தேர்ந்தெடுங்கள். உண்மையான பி.டி.எஃப். கிடைத்துவிடும்.

கடைசியாக, பணத்தையே காப்பாற்றக்கூடிய ஒரு விஷயம். போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை, கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஃபைல்கள் வருகின்றன. திறப்பதற்கு முன் வாலைப் பாருங்கள். ஏ.பி.கே. என்று முடிந்தால் அது ஆவணமே இல்லை, உங்கள் கைப்பேசிக்குள் நுழையக் காத்திருக்கும் ஒரு ஆப். இன்ஸ்டால் செய்து அது கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், ஓ.டி.பி. வரும் எஸ்.எம்.எஸ்-ஐயும் அதனால் படிக்க முடியும். வங்கிக் கணக்கே காலியாகலாம். சான்றிதழையும் அபராத ரசீதையும் பார்க்க, வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கணினியில் பி.டி.எஃப். என்று தெரிந்து, அதற்குப் பின்னால் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தாலும் இதே ஆபத்துதான்.

தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால் தயங்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இன்று வீட்டுக்குப் போனதும், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி கைப்பேசியில் ஒரு சான்றிதழைத் திறந்து பாருங்கள். தப்பான ஆப்பில் திறந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வால் எழுத்துகளையும் ஒருமுறை காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.