எண்ணுருப் பணமும் மிகுபொருள் விரும்பாமையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், தானியம் என ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுதல் அதன் நடைமுறை. எல்லை வகுப்பதற்கு முன், பொருள் இன்னதென அறிதல் வேண்டும். இன்று கைப்பேசித் திரையில் தோன்றும் எண்கள் யாவும் பணம் போலவே காட்சி தருகின்றன. சட்டத்தின் பார்வையிலோ அவை மூவகை.

முதலாவது, டிஜிட்டல் ரூபாய். 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, ‘வங்கித்தாள்’ என்னும் சொல்லுக்குள் எண்ணுரு வடிவையும் அடக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சோதனை தொடங்கிற்று. இது ரிசர்வ் வங்கியின் நேரடிப் பொறுப்பு. கையிலுள்ள தாளைப் போன்றே வட்டி ஈட்டாது.

இரண்டாவது, வங்கி வைப்பு. வங்கியில் இட்ட தொகை பெட்டகத்தில் பூட்டிய பொருள் அன்று. வங்கிக்குக் கொடுத்த கடன். வங்கி நொடித்தால், வைப்புக் காப்பீட்டின்படி அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையே உறுதி. 2020 பிப்ரவரி 4-க்கு முன்னர் அவ்வரம்பு 1 லட்சமாகவே இருந்தது.

மூன்றாவது, பிட்காயின் போன்ற கிரிப்டோ. அதன் மதிப்புக்கு அரசும் பொறுப்பன்று, வங்கியும் பொறுப்பன்று. அவ்வணிகத்துக்கு வங்கிகள் துணைபோகலாகாது என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று சுற்றறிக்கை விடுத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. தடை அளவை மீறியது என்பதே காரணம்; கிரிப்டோ நாட்டின் பணம் என்பதன்று. 2022 முதல் அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. ஒன்றில் நேர்ந்த இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் இயலாது. வரி விதித்ததனாலேயே ஒரு பொருள் பணமாகிவிடாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதனைச் சொத்து எனக் கொண்டது. சொத்து என்றால் உரிமை உண்டு. மதிப்புக்கு உறுதி இல்லை.

இவ்வேறுபாடு அறியாமையால் குடும்பங்கள் அல்லலுறும். வங்கி வைப்புக்கு நியமனதாரர் உண்டு. நியமனம் இல்லையெனினும் வாரிசுகள் சான்று காட்டிப் பெறலாம். தன்வசம் வைத்த கிரிப்டோவுக்கோ மறைசாவியே எல்லாம். அதனை ஒருவர் மட்டும் அறிந்து மறைந்தால், நீதிமன்ற ஆணையும் அப்பொருளை மீட்டுத் தராது. மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்தது எவருக்கும் பயனின்றி அழியும்.

அறக்கட்டளைகளுக்கு எச்சரிக்கை இன்னும் மிகுதி. அறநிலைய நிதியை எவ்வெவற்றில் முதலீடு செய்யலாம் என வருமான வரிச் சட்டம் பட்டியலிடுகிறது. கிரிப்டோ அப்பட்டியலில் இல்லை. ஜினாலயத் திருப்பணிக்கு ஏழை உழவர் ஈந்த காசை ஏற்றத்தாழ்வுக்கு ஒப்படைக்க அறங்காவலர் எவர்க்கும் உரிமை இல்லை.

கண்ணுக்குப் புலப்படாத பொருளும் பொருளே. இல்லத்தார் அறியாமல் திரைக்குள் வைத்திருப்பது விரதக் கணக்கிலிருந்து விலகிவிடாது. ஆண்டுதோறும் இந்நன்னாளில் இல்லறத்தார் தம் உடைமைகளை ஓர் ஏட்டில் எழுதி, துணைவியரும் மக்களும் அறிய வைப்பாராயின், சட்டமும் நிறைவேறும், விரதமும் நிறைவேறும்.

அறம் வளர்க!