வீட்டு மொழியும் பள்ளி மொழியும்



கோவை வட்டாரத்தில் நம் அருந்ததியர் இல்லங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெருவிலும் பள்ளியிலும் தமிழ். முதல் வகுப்பில் நாம் தண்ணீரை ‘நீள்ளு’ என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. அன்றோடு வீட்டில் தெலுங்கு தடுக்கப்பட்டது. அதனால் தமிழ் விரைந்து வந்துவிடவில்லை. அவ்வாவின் கதைகள் நின்றன, அவ்வளவே. நமக்குத் தமிழைத் தந்தவர்கள் தெருவில் கோலி ஆடிய தோழர்கள்.

குழந்தைக்குப் பேச்சு பாடத்தால் வருவதன்று. தன்னோடு பேசுவோரால் வருவது. அவ்வா ஒரு மொழியிலும் தோழர் ஒரு மொழியிலும் நாள்தோறும் பேசினால் இரண்டும் படியும். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்தால் அஞ்ச வேண்டா. எவரிடம் எதைப் பேசுவதென்று குழந்தை தானே பிரித்துக்கொள்ளும். ‘பாலு’ பால்தான், ‘இல்லு’ நம் பழந்தமிழ் இல்தான். இவை ஒரே குடும்ப மொழிகள் என்பதைக் கால்டுவெல் 1856-இலேயே விளக்கினார். எழுத்து வேறு, அதற்கு அன்றாடப் பயிற்சி வேண்டும்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டுமென, 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. நாணத்தக்க மொழியெனில் சட்டம் இவ்வாறு சொல்லுமா?

இன்று இளம் பெற்றோர் சிலர் அரைகுறை ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொணர்கின்றனர். ஆங்கிலம் வேண்டும்; அதைப் பள்ளியில் முறையாகக் கேட்டுப் பெறுவோம். வீட்டில் அவ்வா பேசட்டும்.