பேரை எடுத்துட்டா போதுமா? கவுன்சலிங் பயிற்சியும் ரெக்கார்டிங்கும்

இன்னிக்குப் பேசப்போற விஷயம் கவுன்சலிங் படிக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, கவுன்சலிங்குக்குப் போறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், இந்த ரெண்டு ஊர்லயும் கவுன்சலிங் பயிற்சியில இருக்கிறவங்களோட நான் வேலை செய்றேன். அவங்க ஒரு செஷனை ரெக்கார்ட் பண்ணிட்டு வருவாங்க, சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். எதுக்கு ரெக்கார்ட், எழுதிட்டு வந்தா போதாதான்னு கேட்பீங்க. போதாது. ஞாபகத்துல இருந்து எழுதுற குறிப்புல நாம எல்லாருமே நல்ல கவுன்சலர்தான். ரெக்கார்டிங்ல கேட்டாத்தான் அவங்க அழ ஆரம்பிச்ச இடத்துல நாம அட்வைஸ் பண்ண ஆரம்பிச்சது தெரியும்.

இதைத் தொடங்கி வச்சவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ். 1940கள் தொடக்கத்துல, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல. அப்போ டேப் கிடையாது, இசைத்தட்டுதான். மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டு மாத்தணும். அப்படிப் பதிவு பண்ணின ஒருத்தரோட எட்டு செஷனை 1942ல புத்தகத்துல முழுசா அச்சடிச்சார். அவருக்கு வச்ச பேர் ஹெர்பர்ட் பிரையன், மாற்றுப்பேர்தான். வெளியே போனது எழுத்து. குரல் போகல.

நம்ம ஊர்ல பிரச்சனை அங்கேதான். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரே பஸ், ஒரே கல்யாண மண்டபம். "எங்க வீட்டுக்காரர் மில்லுல நைட் ஷிஃப்ட், மாமியார் பால்கோவா போடுறவங்க"ன்னு ஒரு அக்கா சொன்னா, இதுல பேர் எங்க வந்துச்சு? ஆனா கேட்கிறவங்க நாலு பேர்ல ஒருத்தருக்கு ஆள் தெரிஞ்சிடும். குரல் வேற இருக்கு. பேரை எடுத்துட்டோம், பாதுகாப்பா இருக்குன்னு சென்னையில வேணா சொல்லிக்கலாம். அங்கேயும் எனக்குச் சந்தேகம்தான்.

அதனால எங்ககிட்ட ஒரு வழக்கம். வர்றவங்க பேரை மறைக்கிறோம், கேட்கப்போறவங்க பேரை மறைக்கிறதில்ல. "அக்கா, நான் இன்னும் படிச்சுட்டுதான் இருக்கேன். நான் சரியாப் பேசுறேனான்னு பார்க்க இதை ரெக்கார்ட் பண்ணலாமா? இன்னார், இன்னார், ரெண்டு பேர்தான் கேட்பாங்க. இன்ன தேதியில அழிச்சிடுவேன். வேண்டாம்னாலும் நாம இதே மாதிரி பேசலாம்." பேரைக் கேட்டதும் சிலர் முகம் மாறும். "அவங்களா? எங்க நாத்தனாருக்கு ரொம்பப் பழக்கமாச்சே." அப்போ அந்த ரெக்கார்டிங் கிடையாது, இல்ல கேட்கிற ஆள் மாறணும்.

"நீங்க சொன்னா சரிங்க"ன்னு தலையாட்டுறதை நான் சம்மதமா எடுத்துக்கறதில்ல. நம்ம பக்கம் மரியாதைக்குத் தலையாட்டுறவங்கதான் அதிகம். என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்க. இன்னொண்ணு, முதல்ல கொடுக்கிற சம்மதம் இன்னும் பேசாத ஒரு பேச்சுக்குக் கொடுக்கிறது. உள்ளே என்ன வரும்னு அவங்களுக்கே தெரியாது. அதனால செஷன் முடிஞ்சதும் மறுபடி கேட்கணும்: "இது இருக்கட்டுமா, அழிச்சிடவா?" அழிங்கன்னு சொன்னா அவங்க கண் முன்னாடியே அழிக்கணும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுக்கிற அளவுக்கு அதைத் திரும்பப் பெறுறதும் சுலபமா இருக்கணும்னுதான் சொல்லுது.

அடுத்தது போன். தயவுசெஞ்சு சொந்த போன்ல ரெக்கார்ட் பண்ணாதீங்க. ஆட்டோ பேக்கப் ஆன்ல இருந்தா நீங்க போன்ல அழிச்சாலும் கூகுள் டிரைவ்ல இருக்கலாம். கேம் விளையாட தம்பி வாங்கிட்டுப் போற போன் அது. வாட்ஸப்ல சூப்பர்வைசருக்கு அனுப்பினா ரெண்டு போன்லயும் காப்பி. இலவசமா எழுத்தாக்கித் தர்ற ஆப்ல போட்டா, அது எந்த சர்வர்ல உட்காருதுன்னு யாருக்குத் தெரியும்? நெட் இல்லாத சின்ன வாய்ஸ் ரெக்கார்டர் ஒண்ணு போதும், பூட்டி வைக்க ஒரு அலமாரியும். ஓவரா இருக்கேன்னு தோணினா பின்லாந்தைப் பாருங்க. வாஸ்தாமோன்னு ஒரு சிகிச்சை நிறுவனத்தோட பதிவுகளைத் திருடினவங்க, 2020ல நோயாளிகளுக்கே மெயில் போட்டுப் பணம் கேட்டாங்க. பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டாங்க.

கோர்ட் விஷயமும் சொல்லணும். விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். விவாகரத்து, ஜீவனாம்சம்னு அலையுற நிறைய பேர் கவுன்சலிங்குக்கும் வர்றாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுற உரிமையைச் சொல்லுது, சரி. ஆனா வக்கீல்கிட்ட பேசினதுக்கு சாட்சியச் சட்டத்துல இருக்கிற பாதுகாப்பு கவுன்சலர்கிட்ட பேசினதுக்கு இல்ல. அதனால "யாருமே கேட்க மாட்டாங்க"ன்னு வாக்குக் கொடுக்காதீங்க. கோர்ட் கேட்டா என்ன ஆகும்னு முன்னாடியே சொல்லிடுங்க. அழிக்கிற தேதியையும் முதல் நாளே எழுதி வைங்க. சம்மன் வந்தப்புறம் அழிச்சா அது வேற கதை.

வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றது? செஷன் முடிஞ்ச பத்து நிமிஷத்துக்குள்ள, முடிஞ்சவரை சொன்ன சொல்லையே எழுதுங்க. அவங்க சொன்னது ஒரு பக்கம், நீங்க சொன்னது ஒரு பக்கம். ரெக்கார்டிங் அளவுக்கு வராது. ஆனா அதை வச்சே ஒரு மணி நேரம் பேசலாம், பேசியிருக்கோம்.